வாகனப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்: தினமும் ஓட்ட ஒரு டியாகோ ஜே.டி.பி.

சென்ற இதழில் டயர் தேய்மானம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நான் 2019 முதல் ஓட்டிவரும் வண்டி டாடா டியாகோ ஜே.டி.பி. என்று பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், டயர் பற்றி எழுதியதற்கு வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரே வண்டிக்கு ஒதுக்கியிருக்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அலுவலகம் போய்வர தினமும் 36 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். நண்பர் ஒருவர் தம்முடைய 2019-ஆம் ஆண்டு டியாகோ ஜே.டி.பி.யை விற்கிறார். “வேகமாகப் போகிற வண்டி நமக்கு எதற்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு இந்த வண்டி ஒத்துவருமா? – வாசகர், திருப்பூர்

பதில்: ஒத்துவரும். ஆனால் அது எப்படிப்பட்ட வண்டி என்பதை முதலில் சொல்லிவிட்டால், வீட்டில் கேட்ட கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும்.

2018 அக்டோபரில், டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சம பங்காகச் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனத்தின் வழியாக இந்த வண்டி வெளிவந்தது. ஜே.டி.பி. என்ற மூன்றெழுத்தில் முதலில் நிற்பது ஜெயம், அடுத்தது டாடா, கடைசியில் நிற்பது பெர்ஃபார்மன்ஸ். நம் தெருக்களில் நாள்தோறும் காணும் சாதாரண பெட்ரோல் டியாகோ அப்போது 85 குதிரைத்திறனும் 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (சக்கரத்தைச் சுழற்றும் வலு) தந்தது. அதே உடலுக்குள், டாடாவின் இன்னொரு காரான நெக்ஸானில் இருந்த 1,199 சி.சி., மூன்று சிலிண்டர் டர்போ (வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி, 114 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டரும் தரும்படி செய்தார்கள். ஐந்து கியர் கொண்ட பெட்டியின் பல்விகிதங்களை மாற்றினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி, வண்டியைத் தரையை நோக்கி 4 மில்லிமீட்டர் இறக்கினார்கள். 15 அங்குல அலாய் சக்கரங்கள் கொடுத்தார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 10 வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. டெல்லி ஷோரூம் விலை அப்போது 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்.

இதில் “10 வினாடி” என்ற எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஏழாண்டு ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணுக்கு நான் வேலை கொடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் தினமும் பயன்படுத்துவது மூன்றாம் கியரைத்தான். எங்கள் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், நிறுத்தத்திலிருந்து கிளம்பி நடுச்சாலைக்கு வரும் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் 40 கிலோமீட்டர் வேகத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. சாதாரண டியாகோவில் அந்த நேரத்தில் கிளட்சை மிதித்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, எஞ்சின் கத்தக் கத்த மேலேற வேண்டும். அதற்குள் பின்னால் வரும் ஆட்டோ அந்த இடைவெளியில் நுழைந்திருக்கும். ஜே.டி.பி.யில் மூன்றாம் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி அழுத்தினால் போதும், வண்டி பஸ்ஸைக் கடந்து போய்விடும். முறுக்குவிசை முழுவதும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முதல் 4,000 சுற்றுகள் சுழலும்போதே கிடைப்பது இதற்குக் காரணம். நகரத்தில் ஓட்டும் ஒருவருடைய எஞ்சின் பெரும்பாலும் சுழல்வது இந்தச் சுற்றுகளின் கீழ்ப்பாதியில்தானே?

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2,000 சுற்றுக்குக் கீழே இந்த எஞ்சின் அரைத்தூக்கத்தில் இருக்கும். சிக்னலில் நின்று நின்று ஊர்ந்து போகும் நெரிசலில் டர்போ இருப்பதே தெரியாது. மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு மட்டும் இருக்கையிலும் கியர்த் தண்டிலும் தெரியும். மாலை 6 மணிக்குக் காந்திபுரம் மேம்பாலத்தின் அடியில் 20 நிமிடம் ஊர்ந்தால், “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று உங்களுக்கே தோன்றும். உங்கள் 36 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட நெரிசல் என்றால், இந்த வண்டியின் சிறப்பில் பாதியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஊருக்கு வெளியே, ஓரளவு ஓடும் சாலை என்றால் தயங்காமல் வாங்கலாம். வீட்டாரிடம், முந்துவதற்குச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் குறைகிறது என்று சொல்லுங்கள். அது மழுப்பல் இல்லை, உண்மை.

கேள்வி: என் தாயாருக்கு மூட்டுவலி. அவரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். “ஸ்போர்ட்” என்று பெயர் போட்ட வண்டிகள் தூக்கித் தூக்கிப் போடும் என்கிறார்களே? – வாசகி, ஈரோடு

பதில்: மெதுவாகப் போகும்போது கொஞ்சம் தூக்கிப் போடும் என்பது உண்மைதான். 20, 30 கிலோமீட்டர் வேகத்தில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய சாலையில் போகும்போது, சாதாரண டியாகோ விழுங்கிவிடும் சிறு மேடுகளை இது அப்படியே முதுகுக்குச் சொல்லும். வேகம் 60-ஐத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது. வண்டி நிதானமாகத் தரையோடு ஒட்டிப் போகும், பின்னால் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். என் மாமியாருக்கு வயது 74. பின்னிருக்கையில் உட்கார மறுத்துவிடுவார். முன்னிருக்கையில் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் தாயாரையும் முன்னால் உட்கார வையுங்கள். இருக்கையின் உயரம் சாதாரண டியாகோவில் இருப்பதுதான் என்பதால் ஏறி இறங்குவதில் வேறு சிரமம் இல்லை.

வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில், தெருக்காரர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் குழைத்துப் போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்கோடு கிடையாது, அளவு கிடையாது. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்தது போல நிற்கும். வாங்கிய முதல் வாரத்தில், குடும்பத்தினர் நால்வரோடு அதன் மீது நேராக ஏறி இறங்கினேன். முன்பம்பரின் கீழ் உதடு சிமென்ட்டில் உரசி எழுப்பிய ஓசையைக் கேட்டு, எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு வண்ணம் உரிந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட மேடுகளில் வண்டியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறிய பிறகு மறுசக்கரம் ஏறும்படி, நடைவேகத்தில் கடக்கிறேன். சாதாரண டியாகோவுக்கும் இதற்கும் வேறுபாடு 4 மில்லிமீட்டர்தானே என்று நினைக்கத் தோன்றும். நான்கு பேர் உட்கார்ந்து, பின்னால் 25 கிலோ அரிசி மூட்டையும் ஏறிவிட்டால், அந்த 4 மில்லிமீட்டருக்கும் மதிப்பு வந்துவிடுகிறது.

கேள்வி: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது? 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த எஞ்சினைக் கெடுக்குமா? – வாசகர், மதுரை

பதில்: நான் ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பிக் குறிப்பேட்டில் எழுதுபவன். ஊருக்குள் 11 முதல் 12, நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் ஓட்டினால் 16 முதல் 17. ‘ஸ்போர்ட்’, ‘சிட்டி’ என்று இரண்டு ஓட்டுமுறைகள் உண்டு. ‘சிட்டி’யில் வைத்தால் எஞ்சின் மந்தமாகப் பதில் சொல்லும், அதனால் வலதுகாலும் அடங்கும், கொஞ்சம் மிச்சமாகும். டேங்க் 35 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் நீண்ட பயணத்தில் நிரப்பும் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. சாதாரண டியாகோவின் மைலேஜை எதிர்பார்த்து இதை வாங்குபவர் மூன்றாவது மாதமே என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவார்.

எத்தனால் கலப்பைப் பொறுத்தவரை, 2018 முதல் 2020 வரை வந்த இந்த வண்டி பி.எஸ். 4 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதியின் காலத்தது; 20 விழுக்காட்டுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனாலில் பெட்ரோலைவிட வெப்ப ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக்கின் அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை எரிபொருள் சிக்கனம் குறையும் என்று கணக்கிட்டிருந்தது. எஞ்சின் ஒரே நாளில் கெட்டுவிடாது. நான் கவனிப்பது எரிபொருள் குழாய்களின் ரப்பர்ப் பகுதிகளைத்தான். ஒவ்வொரு சர்வீஸிலும் அவற்றை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் அரை டேங்கோடு நிறுத்தி வைக்க வேண்டாம்.

கேள்வி: நிறுத்திவிட்ட மாடல் ஆயிற்றே, உதிரிபாகங்கள் கிடைக்குமா? காப்பீடு எப்படி? – வாசகர், சேலம்

பதில்: வண்டியின் பெரும்பகுதி டியாகோ, எஞ்சின் நெக்ஸானுடையது. இரண்டும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன என்பதால் ஃபில்டர், பெல்ட், கிளட்ச், பிரேக் போன்றவற்றுக்குத் தவிப்பு இல்லை. தவிப்பு உடல்பாகங்களில்தான். காற்றுத் துளைகள் உள்ள பானட், அகன்ற வாய்கொண்ட முன்பம்பர், பக்கவாட்டுப் பாவாடை (கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு) ஆகிய மூன்றும் ஜே.டி.பி.க்கு மட்டுமே உரியவை. மேலே சொன்ன வேகத்தடைக் கதைக்குப் பிறகு நான் பம்பரை மாற்றவில்லை. உரிந்த இடத்தில் வண்ணம் அடித்து நிறுத்திக்கொண்டேன். நீங்களும், பிளந்து தொங்கினாலொழிய, பிளாஸ்டிக் வெல்டிங் செய்து வண்ணம் அடிப்பதையே முதலில் யோசியுங்கள்.

காப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பாலிசியில் வண்டியின் வேரியன்ட் பெயர் ஜே.டி.பி. என்றே இருக்க வேண்டும். சாதாரண டியாகோ என்று பதிவாகியிருந்தால், விபத்துக்குப் பிறகு பானட்டுக்கும் பம்பருக்கும் பணம் கேட்கும்போது வாக்குவாதம் வரும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 2022-இல் ஆண்டுக்கு 3,416 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. டர்போ என்பதற்காக அதில் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

கேள்வி: மலைப்பாதையில் எப்படி? வால்பாறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. – வாசகர், பொள்ளாச்சி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும், இந்த வண்டியை வாங்கியதற்கான காரணத்தை ஒவ்வொன்றாக எனக்கு விளக்கிச் சொல்பவை. வளைவுக்கு முன் பிரேக் பிடித்து, இரண்டாம் கியருக்கு வந்து, ஸ்டியரிங்கை ஒரே வீச்சில் திருப்பினால், உடல் அதிகம் சாயாமல் முன்சக்கரங்கள் சொன்ன இடத்தில் போய் நிற்கும். வளைவு முடியும் இடத்தில் எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேலேயே இருக்கும். ஆகவே ஏற்றத்தில் மூச்சு வாங்காமல், அடுத்த வளைவு வரை இழுத்துக்கொண்டு போகும். முதல் கியருக்கு இறங்க வேண்டிய தேவை, லாரி நடுவில் நின்றுவிட்டால் ஒழிய, எனக்கு வந்ததில்லை. கடினமான சஸ்பென்ஷனை ஊருக்குள் சபித்தவர்கள், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் இறங்கும்போது அதை மன்னித்துவிடுவார்கள். அங்கே தடுப்புச் சுவர் மேல் வரையாடு நின்றால் அதற்கு வழிவிடுங்கள். அது உங்கள் வண்டியின் குதிரைத்திறனைப் பொருட்படுத்தாது.

ஏறுவதில் சிக்கல் இல்லை, இறங்குவதில்தான் நான் பாடம் படித்தேன். முதல் பயணத்தில், ஏறும்போது கிடைத்த உற்சாகத்தில், இறங்கும்போதும் மூன்றாம் கியரிலேயே வந்தேன். எஞ்சின் சிறியது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் குறைவு. முழுச் சுமையும் பிரேக்குக்குப் போயிற்று. ஆழியாறு அணை தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, கருகிய வாடை மூக்கில் அடித்தது. முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் கொண்ட வண்டி இது, பந்தயக் காருக்குரிய பிரேக் இதில் கிடையாது. அரை மணி நேரம் புளியமரத்தடியில் காத்திருந்தேன். அதன்பின் இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர்தான். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுகிறேன்.

மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை உடனே திருப்பிவிட வேண்டாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கும் பேரிங்குக்கு உயவும் குளிர்ச்சியும் தருவது எஞ்சின் ஆயில். ஏற்றம் முடிந்த கையோடு எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கும் பேரிங்கில் தேங்கிய ஆயில் கரியாக உறையும். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும். ஆயிலை, கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன காலத்துக்கு முன்பாகவே மாற்றுங்கள். நான் செலவைப் பார்த்துத் தயங்காத ஒரே இடம் இதுதான். மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: ஈரச் சாலையில், வளைவை முடிக்கும் முன்பே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் முன்சக்கரங்கள் பிடியிழந்து சுழலும், ஸ்டியரிங் கையை இழுக்கும். டயர் தேய்ந்திருந்தால் இது இன்னும் மோசம்.

கேள்வி: ரீமேப் செய்தால் இன்னும் 20 குதிரைத்திறன் கூடும் என்கிறார்களே ஐயா, செய்யலாமா? – மாணவர், சென்னை

பதில்: ரீமேப் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி வலுவைக் கூட்டுவது. வேண்டாம் தம்பி. நெக்ஸானில் இதே எஞ்சின் 170 நியூட்டன் மீட்டர் தந்தது, இதில் 150-ஓடு நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ஆறு கியர், இங்கே ஐந்து. இந்த வேறுபாட்டைப் பார்த்தாலே, கிளட்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அமைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். தவிர, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல வண்டி என்றால், ஏன் விற்கவில்லை? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி, எனக்கும் இதில் வருத்தம் உண்டு. நம் நாட்டில் 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரி குறைவு. வேகமான சிறிய காரை மலிவாகத் தர வேண்டும் என்றால் இந்த எல்லைக்குள் நின்று டர்போ பொருத்துவதுதான் நேரான வழி. வேகமான சிறிய கார் தர அதற்கு முன்பும் சிலர் முயன்றார்கள். 2013-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 குதிரைத்திறனும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டியும் கொண்டது. அதற்குப் பெயர் கிடைத்தது, அந்தப் பெயர் இன்றும் நிலைக்கிறது. 2015-இல் ஃபியட் கொண்டுவந்த அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன் கொண்டது. ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள், வாங்கியவர்கள் சிலரே. 2017-இல் மாருதி பலேனோ ஆர்.எஸ். 102 குதிரைத்திறனோடு வந்து, வெளித்தோற்றத்தில் சாதாரண பலேனோவிலிருந்து பெரிதாக வேறுபடாததால் கண்ணில் படாமலே போய்விட்டது. இவற்றோடு வைத்துப் பார்த்தால் ஜே.டி.பி.யின் விலைதான் குறைவு. அதுவே அதற்கு எதிராகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

நம்மவர்கள் 6 லட்சத்துக்கு மேல் கொடுக்கும்போது வண்டி அளவில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் 5 லட்சத்துக்கு வாங்கிய அதே டியாகோவின் முகம் இதற்கும் இருந்தது. கூடுதலாகக் கொடுத்த பணம் கியர்ப்பெட்டிக்குள்ளும் சஸ்பென்ஷனுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. பானட்டில் உள்ள துளைகளையும் கதவின் ஸ்டிக்கரையும் பார்த்தவர்கள், யாரோ ஒரு பையன் கடையில் கொடுத்துப் பொருத்தியது என்று முடிவு செய்தார்கள். பெட்ரோல் பங்கில் என்னிடம், “சார், இந்த செட் எங்கே போட்டீங்க?” என்று கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கோயம்புத்தூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இன்னொரு மனக்குறை. இந்த ஊர், எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய ஊர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத்தளம் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். அந்த மரபில் வந்த ஒரு நிறுவனத்தின் கைபட்ட கார் கடைகளில் விலைக்குக் கிடைத்தபோது, எங்கள் ஊரிலேயே அதைத் தெரிந்து வாங்கியவர்கள் குறைவு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தது. அதற்கேற்ப மாற்றிக்கொண்டுவரும் அளவுக்கு விற்பனை இல்லை, மாடல் நின்றது. அந்த ஆண்டே கூட்டு முயற்சியும் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு 120 குதிரைத்திறனோடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் ஐ20 என் லைனும், 2024-இல் டாடாவின் ஆல்ட்ரோஸ் ரேசரும் வந்தன. இரண்டும் நல்ல வண்டிகள். இரண்டும் அளவில் பெரியவை, விலையிலும் பெரியவை.

கேள்வி: பழைய ஜே.டி.பி. வாங்கப் போகிறேன். சாதாரண டியாகோவுக்கு அந்த பம்பரையும் ஸ்டிக்கரையும் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்களாமே? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்கிறார்கள். ஆகவே வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு ஆர்.சி.யில் தொடங்குங்கள். மாடல் பெயரில் ஜே.டி.பி. என்று இருக்கிறதா, பதிவு 2018 இறுதிக்கும் 2020-க்கும் இடைப்பட்டதா என்று பாருங்கள். பிறகு பானட்டைத் தூக்கினால் டர்போவும் அதற்குச் செல்லும் தடித்த காற்றுக் குழாய்களும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளே, கறுப்பு இருக்கைகளில் சிவப்பு நூல் தையலும் அலுமினியம் பெடல்களும் இருக்க வேண்டும். இவற்றையும் பிறகு பொருத்த முடியும் என்பதால் கடைசியாகத்தான் நம்ப வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில்தான் பார்க்கப் போங்கள். “சார் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறேன்” என்று சொன்னால், மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முதல் முறை எஞ்சின் கிளம்பும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் டர்போ ஆயில் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டரிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது, அதன் செலவை விலையில் கழியுங்கள். சமமான சாலையில் ஸ்டியரிங்கைக் கைவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இறுகிய சஸ்பென்ஷனோடு பள்ளங்களில் இரக்கமில்லாமல் ஓட்டப்பட்ட வண்டிகளில் கீழ்ப்பகுதி புஷ்கள் எனும் ரப்பர் வளையங்கள் சீக்கிரம் தேயும். என் வண்டியில் 60,000 கிலோமீட்டரில் மாற்றினேன். அப்போது, ஒரு அலைன்மென்ட் கடையில், சாதாரண டியாகோவின் அளவை வைத்துச் சக்கரங்களைச் சரிசெய்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில் முன் டயர்களின் உள் விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஆகவே டயர்களை வெளியிலிருந்து மட்டும் பார்க்காமல், ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

ஐந்தாவது சக்கரமான ஸ்பேரையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதை எடுத்த பிறகு அந்தக் குழியில் தண்ணீர்க் கறையோ, வளைந்து நிமிர்த்தப்பட்ட தகடோ தெரிந்தால், பின்பக்கம் அடிபட்ட வண்டி என்று பொருள். விற்பவரிடம் அதைப் பற்றிக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை வைத்து விலையைப் பேசுங்கள்.